கீழே காடுதான்

ஒரு மனிதர் நத்தைகளைக் கொல்லவில்லை என்பதற்காக அவரைப் புகழ்ந்து வெண்பா பாடிய தமிழன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். போட்டிக்கு வேறு யாராவது இருந்தால் தெரியப்படுத்தலாம், சந்தோஷமாக விலகிக்கொள்கிறேன். அந்த வெண்பாவில் தளை தட்டவில்லை. அதைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேறொன்றும் இல்லை. நத்தைக்கு எதுகையாக மெத்தை, வித்தை, தத்தை என்று வரிசையாகக் கிடைத்த மயக்கத்தில், சொல்ல வந்த விஷயம் மெய்யா பொய்யா என்று பார்க்க மறந்துவிட்டேன். அந்த வயதில் எனக்கு எதுகை கிடைத்தால் போதும், வேறு சாட்சி தேவைப்படவில்லை.

வெண்பாவின் நாயகர் கண்டிச் சீமையில், ராகலைக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெரிய கிளாக்கர். நான் அவருக்குக் கீழே சின்னக் கிளாக்கர். நாட்டுக்குச் சுதந்திரம் வந்திருந்தது. எங்கள் தோட்டத்துக்கு வெள்ளைக்காரத் துரை போய் இன்னொரு வெள்ளைக்காரத் துரை வந்திருந்தார். என் குடும்பம் ஹட்டன் கடைவீதியில் புடவை வியாபாரம் செய்தது. ஆகவே தேயிலையை ரயில் ஜன்னல் வழியாகவும் கோப்பையிலும் பார்த்திருந்தேன். மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது சேலையில் பட்டால் விலை குறையும் என்பதுதான்.

இங்கே வரும் நத்தை முதுகில் ஓடு இல்லாத வகை. ஒவ்வொரு தடவையும் அதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. நத்தை என்றே எழுதுகிறேன். ஓட்டை வாசகர்கள் கழற்றிக்கொள்ள வேண்டும்.

பெரிய கிளாக்கர் நெற்றி நிறைய விபூதி, கை நிறையச் சந்தன சோப்பு வாசனை. அந்தக் கைகள் குடையைத் தவிர வேறொன்றைத் தூக்கி நான் கண்டதில்லை. மச்சம் மாமிசம் தொடமாட்டார். வெள்ளிக்கிழமை வெங்காயமும் கிடையாது. நடக்கும்போது எறும்புச் சாரை குறுக்கிட்டால் நின்று, அது கடந்து முடியும்வரை காத்திருப்பார். பின்னால் கொழுந்துக் கூடையோடு வருகிறவர்களும் மழையில் நின்று காத்திருக்க வேண்டும். துரைமார் சிறுத்தையைச் சுட்டு அதன்மேல் காலை வைத்துப் படம் பிடித்துக்கொண்ட மலையில் இப்படியும் ஒருவரா என்று நான் உருகிப்போனேன். உருகுவது அப்போது எனக்குச் சுலபமாக வந்தது.

அவர் எதையும் கொன்றதில்லை என்பது உண்மை. எதையும் தன்னிடம் வைத்துக்கொண்டதில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு வெகுநாள் பிடித்தது.

அவர் வீட்டில் எலி வந்தால் கூடு வைப்பார். எலி உயிரோடு விழும். மறுநாள் காலை அந்தக் கூட்டுக்கு முன்னால் நின்று முருகா முருகா என்று கண்ணீர் மல்கச் சொல்லி, வேலைக்காரனை விட்டு வேலியோரம் கொண்டுபோய்த் திறக்கச் சொல்வார். வேலிக்கு அந்தப் பக்கம், தொழிற்சாலையில் தேயிலை பதப்படுத்தும் டீமேக்கரின் சமையலறை. ஒருநாள் டீமேக்கர், எலி கடித்த கோட்டுக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"ஏங்க கிளாக்கரய்யா, உங்க வீட்டுல எலி பிடிச்சீங்களாமே?"

"பிடிச்சேங்க."

"என்ன பண்ணுனீங்க?"

"விட்டுட்டேங்க. நமக்கெதுக்குங்க பாவம்?"

"எங்க விட்டீங்க?"

"அங்கிட்டு."

அங்கிட்டு என்பது மதுரைச் சீமையிலிருந்து கப்பலேறி வந்த சொல். அந்தப் பக்கம் என்று பொருள். எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அவர் வாயில் அது ஓர் ஊரின் பெயரைப் போல இருக்கும். தமக்கு வேண்டாததெல்லாம் போய்ச் சேருகிற ஊர். அங்கே யாராவது குடியிருக்கக்கூடும் என்ற சந்தேகம் அவருக்கு எப்போதும் வந்ததில்லை.

சொறி பிடித்த நாய் ஒன்று அவர் வாசலில் படுக்க ஆரம்பித்தது. கல்லால் அடிக்க வந்தவனைத் தடுத்து, அதற்குப் பாற்சோறு வைத்து, ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி கொண்டுபோகும் லாரியில் ஏற்றிவிட்டார். "அதுபாட்டுக்குப் பொழச்சிக்கும்" என்றார். லாரிக்காரர் கையில் கட்டோடு திரும்பி வந்தார். துரை ஆங்கிலத்தில் ஏசினால் தலையைக் குனிந்து முழுதும் வாங்கிக்கொள்வார். ஆபீஸ் கதவைத் தாண்டுவதற்குள் அது தமிழாகிவிடும். சேதாரம் இல்லாமல், துரை சொல்லாத சில சொற்களையும் சேர்த்து, என் மேசையில் இறக்கிவைத்துவிட்டு இலகுவான மனதோடு சாப்பிடப் போவார். வசவைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அவருக்குத் தடிமன் பிடித்தால் என் நாற்காலிக்கு அருகில் வந்து நின்று வெகுநேரம் அன்பாகப் பேசுவார். மறுநாள், "இப்பத் தேவலைங்க தம்பி" என்பார். நான் தும்மிக்கொண்டே சந்தோஷம் தெரிவிப்பேன்.

நத்தைக்கு வருகிறேன்.

ஊருக்குப் போன பழைய துரை விட்டுச்சென்ற சாமான்களில் ஆங்கிலத் தோட்டக்கலைப் புத்தகம் ஒன்று இருந்தது. அதை எடுத்துவந்ததிலிருந்து பெரிய கிளாக்கர் தன் குவாட்டர்ஸ் முற்றத்தை இங்கிலாந்தாக மாற்றும் வேலையில் இறங்கினார். டேலியா வைத்தார். பச்சையாகத் தின்னும் சலாதுக் கீரை போட்டார். சலாது இலைகளை வாழையிலையில் சுற்றி வாராவாரம் பங்களாவுக்கு அனுப்புவார். துரைசாணிக்கு அதில் பிரியம். அந்தப் பிரியத்தின்மேல்தான் அவருடைய அடுத்த சம்பள உயர்வு படர்ந்து ஏறிக்கொண்டிருந்தது.

புத்தகத்தில் இலையுதிர்காலம் என்று ஒரு அத்தியாயம். அந்தப் பருவத்துக்கான ஆங்கிலச் சொல்லை அவர் 'ஓட்டம்' என்று உச்சரிப்பார். எங்கள் மலையில் இலை உதிர்வது கிடையாது. உதிரத் தொடங்கினால் கம்பெனியை மூட வேண்டியதுதான். எங்களுக்கு இருந்தவை மழையும் பெருமழையும். அவர் அதெல்லாம் கேட்கமாட்டார். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்ததும் சட்டையின் மேல் கம்பளி மாட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்து, "ஓட்டம் வந்துருச்சுங்க" என்பார். ஓட்டத்தில் நத்தை பெருகும் என்று புத்தகம் சொல்லியிருந்தது. பெருகியது. ஒருநாள் பங்களா சமையற்காரர் ஒரு சலாதுக் குருத்தைத் திருப்பி அனுப்பினார். அதன் நடுவில் ஒரு நத்தை, வைரம் பதித்ததுபோல உட்கார்ந்திருந்தது.

அன்று சாயங்காலமே புத்தகத்தை எடுத்து என்னை உரக்க வாசிக்கச் சொன்னார். உப்புத் தூவலாம், சாம்பல் போடலாம், கறுப்பு பீர் ஊற்றி வைத்து அதில் முக்கலாம் என்று வெள்ளைக்காரன் பல வழிகள் எழுதியிருந்தான். பெரிய கிளாக்கர் காதைப் பொத்திக்கொண்டார். கொல்லும் முறைகள் இருந்த பக்கங்களை, கண்ணில் படாமலிருக்க, ஊசி நூல் கொண்டு வரச்சொல்லி ஓரத்தில் தைத்துவிட்டார். மிஞ்சியது ஒரே முறை. நனைந்த சாக்கைப் பாத்திகளின்மேல் விரித்துவைத்தால் விடிவதற்குள் நத்தைகள் அதன் அடியில் வந்து ஒதுங்கும். பொறுக்கி எடுக்கலாம்.

பொறுக்கி எடுப்பது யார் என்பதில் அவருக்கும் எனக்கும் கருத்து வேற்றுமை இருக்கவில்லை. நானாகவே முன்வந்தேன். விடியற்காலைத் தூறலில் ஒரு மூங்கில் சிம்பும் தகர வாளியும் வைத்துக்கொண்டு நான் பாத்தி பாத்தியாகக் குனிவேன். அவர் குடைக்குள் நின்று இரக்கப்படுவார்.

"மெதுவா எடுங்க தம்பி. நசுங்கிறப் போகுது. உயிருங்க அது."

"எங்கே கொட்டுறதுங்க?"

"அங்கிட்டு."

குடையின் நுனி காட்டிய இடத்தில் முற்றத்து மண் முடிந்து பனிமூட்டம் தொடங்கியது.

"கீழே என்னங்க இருக்கு?"

"காடுதான்."

எனக்கு மெய்சிலிர்த்தது. நான் அறிந்த காடெல்லாம் புத்தகத்துக் காடு. யானை, தேன், சுனை, மலைச்சாரலில் பூத்த பூ. அந்தக் காட்டுக்குள் இந்த எளிய உயிர்களை நாமல்லவா அனுப்பிவைக்கிறோம் என்று ஒவ்வொரு வாளியையும் கோயில் அபிஷேகம்போலச் சரித்தேன். அவை பன்னம் என்கிற பெரணி இலைகளுக்கு அடியில் குடும்பம் குடும்பமாக வாழ்வதாகக் கற்பனை செய்துகொண்டேன். அவற்றில் ஒன்றாவது திரும்பிப் பார்க்கும் என்றுகூட எதிர்பார்த்ததுண்டு.

தீபாவளி கழிந்து கந்தசஷ்டி வந்தது. தோட்டத்துக் கோயிலில் சூரன் தலை விழுந்தபிறகு நான் மேடையேறி வெண்பாவை வாசித்து, அவருக்கு 'ஜீவகாருண்ய சீலர்' என்று பட்டமும் கொடுத்தேன். அவர் கைகூப்பியபடி கண்ணை மூடிக்கொண்டார். லயம் என்ற வரிசைவீடுகளில் குடியிருந்த தொழிலாளர் ஜனங்கள் கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் கைதட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவிதையில் லயித்துவிட்டாள் என்று நினைத்தேன். வெண்பாவைச் சட்டம் போட்டு அவர் தன் கூடத்தில் மாட்டினார். சட்டம் போட்ட செலவை டீமேக்கர் கொடுத்தார் என்று கேள்வி.

அந்தப் பெண் செவனம்மா. கொழுந்து பறிப்பவள். மலையின் எந்தப் பக்கத்திலிருந்து அவள் பேசினாலும் எல்லாப் பக்கத்துக்கும் கேட்கும். சஷ்டி முடிந்த அடுத்த வாரம் ஆபீஸ் வராந்தாவுக்கு வந்து, முறிந்த கைப்பிடிக்குக் கம்பி போட்ட ஒரு தகரப் பேணியை என் மேசையில் வைத்தாள். மேலே மூடியிருந்த இலையை எடுத்தாள்.

"உங்க பிள்ளைங்களக் கொண்டாந்திருக்கேன். எல்லாம் வந்திருச்சான்னு பாத்துக்கங்க."

பேணி நிறைய நத்தை.

"இதெல்லாம் எங்களுடையது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கேட்டபிறகுதான் அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று உறைத்தது.

"சலாது தின்ன வாயிங்க அது. லயத்துச் சாப்பாடு இறங்குமா? தெனமும் விடியக்காலம் மேலருந்து மழ மாதிரி விழுகுது. நேத்து குனிஞ்சு களையெடுக்கையில பிடரியில ஒன்னு விழுந்துச்சு. எங் காட்டுல இந்தக் கருமம் என்னைக்குமே இருந்ததில்லீங்க."

"நாங்கள் காட்டில்தானே கொட்டுகிறோம். அதில் உனக்கென்ன?"

"எங் காட்டுல கொட்டுனா எனக்கென்னவா?"

பைத்தியக்காரர்களிடம் கொஞ்சம் தள்ளி நின்று பேசுவது நல்லது என்பதுபோல அவள் ஓரடி பின்வாங்கினாள். நான் எழுந்துபோய், ஆபீசுக்குப் பக்கத்திலேயே இருந்த குவாட்டர்ஸ் முற்றத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். அன்றைக்கென்று பனி விலகியிருந்தது. கீழே யானையும் இல்லை, சுனையும் இல்லை. மேலிருந்து பார்க்க ஒரு பாய் விரித்த அளவுக்குச் சரிவில் வரப்புக் கட்டிய நிலம். அதில் வரிசை வரிசையாக முட்டைக்கோஸ், எங்கள் பக்கத்துப் பேச்சில் கோவா. வெளி இலைகள் எல்லாம் சல்லடை. லயத்துக்காரர்கள் தேயிலை ஏறாத மண்ணில் காய்கறி போட்டுக்கொள்ளத் தோட்டம் விட்டுவைத்த துண்டுகளில் ஒன்று அது. அவர்களுடைய பாட்டன் பூட்டன் வந்த சீமையில் புன்செய் நிலத்துக்குக் காடு என்று பெயர். புடவைக் கடைக்காரன் மகனுக்கு அது தெரியாது. பெரிய கிளாக்கருக்குத் தெரியும். அவர் பொய்யே சொல்லவில்லை. கீழே காடுதான்.

அந்தக் கோவா விற்றுத்தான் செவனம்மா தன் மகளை ராகலைப் பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் அனுப்பிக்கொண்டிருந்தாள். சம்பளத்தில் அரிசி மாவுக்குப் பிடித்தது போக மிஞ்சுவதில் பஸ் ஏற முடியாது. அந்தத் துண்டு போனால் மகள் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டியதுதான். இதை அவளே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது பெரிய கிளாக்கர் குடையோடு வந்து சேர்ந்தார்.

"என்னம்மா சத்தம்?"

"சலாம்ங்கய்யா. நத்தைய என் காட்டுல கொட்ட வேணாம்னு சொல்ல வந்தேன்."

"இது ஓட்டம் சீசன்மா. நத்தை வரத்தான் செய்யும்."

"நத்தைக்கு ஏதுங்கய்யா ஓட்டம்? அது ஓடியா வந்துச்சு? வாளியில ஏறில்ல வந்துச்சு."

"யாரு கொட்டுனா? நான் என் கையால ஒன்னத் தொட்டிருப்பேனா? முருகன்மேல ஆணையாச் சொல்றேன்."

ஆணை சுத்தமானது. நான் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் சொல்றதக் கேளு" என்று அவர் குரலை இறக்கினார். இரங்கும்போது அவருக்கு வருகிற குரல் அது. "உன் காட்டுல இப்புடி நத்தைய வளரவிட்டா, அது மேல ஏறி குவாட்டர்ஸ் தோட்டத்தையும் துரை வீட்டுச் சாப்பாட்டையும் கெடுக்குது. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா நான் துரைகிட்டச் சொல்லித்தானே ஆகணும்."

எலியை வேலிக்கு அந்தப் பக்கம் விட்ட அதே லாவகத்தோடு, நத்தையை அவளிடம் தள்ளி, அதை வளர்த்த குற்றத்தையும் கூடவே தள்ளிவிட்டார். சரியாகப் பராமரிக்காத துண்டுகளைத் தோட்டம் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது சட்டம். அன்றே துரையிடம் போய்ச் சொன்னார். புலம்பலும் பெருமூச்சுமாகச் சொன்னார் என்று பங்களாச் சமையற்காரர் பிறகு நடித்துக் காட்டினார்.

துரை விசாரணைக்கு வந்தார். நல்ல மனிதரா கெட்ட மனிதரா என்று கேட்டால் அவசரக்காரர் என்பேன். அவர் தமிழில் வினைச்சொல் எல்லாம் கட்டளை: வா, போ, சொல்லு, வெட்டு. முற்றத்தின் விளிம்பில் அவரும் அவருடைய நாயும், பெரிய கிளாக்கர் குடையோடு, நான் வாளி இல்லாமல். செவனம்மா கொங்காணிக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கீழ்ப்படியில் நின்றாள்.

"என்ன கம்ப்ளெய்ன்? சொல்லு."

"தொரைங்களே, தெனமும் காலையில நத்தைய அள்ளிக்கிட்டு வந்து எங் காட்டுல கொட்டுறாங்க."

துரை பெரிய கிளாக்கரைப் பார்த்தார். பெரிய கிளாக்கர் பணிவாக ஆங்கிலத்துக்கு மாறினார். நாங்கள் நத்தைகளைக் காட்டில் கொட்டுவதாக இந்தப் பெண் சொல்கிறாள், சார். அது உண்மைதான், யாருக்கும் தொந்தரவில்லாத இடம் என்றுதான் காட்டில் கொட்டுகிறோம் என்றார். காடு என்ற இடத்தில் 'ஜங்கிள்' என்று போட்டார். எங் காட்டில் இருந்த 'எங்' எங்கோ உதிர்ந்துவிட்டது.

"ஜங்கிள்" என்று துரை தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த சில தமிழ்ச் சொற்களில் காடு ஒன்று. துப்பாக்கியோடு போகிற இடம் என்று மனப்பாடம் செய்திருந்தார். "காட்டில கொட்டு. சரிதானே? இவளுக்கு என்ன?"

செவனம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன நடந்தது என்று புரியாமல் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய நிலம் ஒற்றைச் சொல்லின் இரண்டு அர்த்தங்களுக்கு நடுவில் விழுந்து கிடந்தது. அதைத் தூக்கிவிடக்கூடியவன் அங்கே நான் ஒருவன்தான்.

நான் பேசினேன். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வருஷம் இதைச் சொல்லித்தான் நண்பர்கள் நடுவில் காலம் தள்ளினேன். கண்டியில் படித்தபோது விவாதமேடையில் பரிசு வாங்கிய ஆங்கிலம் என்னுடையது. அதை முழுதாக எடுத்துவிட்டேன். தங்களுடைய மேலான அனுமதியுடன் என்று தொடங்கி, காடு என்னும் சொல்லின் வேரை முதலில் காட்டி, பண்டைத் தமிழர் நிலத்தை வகுத்த முறையைத் தொட்டு, பாண்டிநாட்டுப் புன்செய் விவசாயத்துக்கு வந்து, மனிதர்கள் கடல் கடக்கும்போது சொற்களும் கூடக் கடக்கின்றன என்ற இடத்தில் குரலை உயர்த்தினேன். உச்ச கட்டங்களில் எனக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். அன்றும் மூடியது. 'அவள் கோவாவில் கொட்டினோம்' என்று சொன்னால் போதும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. அதில் என்ன அழகு இருக்கிறது?

கண்ணைத் திறந்தபோது துரை என் முன்னால் இல்லை. கீழே கோவாப் பாத்தியில் நின்று கைத்தடியால் ஓர் இலையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் செவனம்மா. இலைக்கு அடியில் நத்தைகள் குடும்பமாகத்தான் இருந்தன. என் வாதத்தின் வேகம் துரையை நேரே களத்துக்கு இறக்கிவிட்டது என்று நினைத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டேன்.

துரை மேலே ஏறிவந்தார். சப்பாத்தில் சேறு.

"யாரு கொட்டு?"

பெரிய கிளாக்கரின் குடை நுனி எழும்பி என் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"இந்தத் தம்பிதான் சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "தன் கையாலேயே. நான் வாளியைத் தொட்டதுகூட இல்லை."

அதிலும் பொய் இல்லை. அந்த மனிதரைப் பற்றி எனக்குள்ள ஆத்திரமெல்லாம் இதுதான். பொய் சொல்லியிருந்தால் மறுத்திருப்பேன். நான் மறுத்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. எல்லா உயிருக்கும் அருளும் சீலர் அவர் என்று சட்டம் போட்ட சாட்சி அவருடைய கூடத்திலேயே என் கையெழுத்தோடு தொங்கியது.

நிலம் செவனம்மாவிடமே இருக்கட்டும், இனிமேல் யாரும் அங்கே எதையும் கொட்டக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. என்னை உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கே ஆபீஸ் கூரை ஒழுகும் என்பதும், அந்தத் துரை பேனாவை எறிவார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்தவை. பெரிய கிளாக்கர் பஸ்வரைக்கும் வந்து வழியனுப்பினார். என் பெட்டியை நான் தூக்கினேன். அவர் குடையைத் தூக்கினார்.

"வருத்தப்படாதீங்க தம்பி. அங்கிட்டும் மனுஷங்க இருக்காங்க. நீங்க பொழச்சிக்குவீங்க."

அவர் கண்ணில் உண்மையாகவே நீர் இருந்தது. மூங்கில் சிம்பால் என்னை நசுங்காமல் எடுத்து வாளியில் போட்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் பஸ் மலையை விட்டு இறங்குவதற்குள் தெம்பு வந்துவிட்டது. சொல்லாராய்ச்சியால் ஓர் ஏழைப் பெண்ணின் நிலத்தை மீட்டவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்? நத்தைகள் அதன்பின் டீமேக்கர் வீட்டுப் பக்கம் போகத் தொடங்கின என்று கேள்விப்பட்டேன்.

பல வருஷம் கழித்து, இந்த நாட்டு அரசாங்கமும் பாட்டன் பூட்டன் வந்த நாட்டு அரசாங்கமும் உட்கார்ந்து எங்களில் யார் இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்று பங்கு பேசிய சமயம், ராகலையில் ஒரு தேத்தண்ணீர்க் கடையில் அவரைக் கண்டேன். ஓய்வு பெற்றிருந்தார். தனக்குப் பிரஜாவுரிமை முன்பே எடுத்துவைத்திருந்தார். கை அதே சந்தன வாசனை. கடையில் எல்லோருக்கும் பேச்சு லயத்து ஜனங்களைப் பற்றித்தான். பாதிக்கு மேல் கப்பலேற வேண்டிவரும் என்று யாரோ சொன்னார்கள். பெரிய கிளாக்கர் தன் கோப்பையில் விழுந்திருந்த ஈயை விரல் படாமல் கரண்டியால் எடுத்து, அடுத்த மேசையின் ஓரத்தில் பத்திரமாக விட்டார்.

"அங்கிட்டு அனுப்புனா அதுங்கபாட்டுக்குப் பொழச்சிக்கும்" என்றார். "இங்க வச்சு வதைக்கிறது பாவமில்லீங்களா?"

அடுத்த மேசைக்காரர் ஈயை அடித்தார்.

நான் வெண்பாவைத் திருப்பிக் கேட்டுவிடலாமா என்று யோசித்தேன். கேட்பதற்குள் அவரே ஆரம்பித்தார். வெண்பா இன்னும் கூடத்தில்தான் தொங்குகிறதாம். சட்டத்தைச் செல்லரித்துவிட்டதால் புதுச் சட்டம் போட்டாராம். பழையதை எரிக்க மனம் வரவில்லை, அதிலும் உயிர் இருக்கிறதல்லவா. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாராம். என் தேத்தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கப்போவதுபோல எழுந்து நின்று, நான் கொடுத்து முடிக்கும்வரை நின்றார்.

வெளியே வந்தால் சந்தை. சாக்கு விரித்துக் கோவாவைக் குவித்துவைத்துக்கொண்டு செவனம்மா உட்கார்ந்திருந்தாள். குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டேன்.

"என்னங்க சின்னய்யா, தலை பூராவும் நரைச்சிருச்சு. எழுதி எழுதியா?"

"நல்லா இருக்கியா? அந்தக் காடு?"

"எங்கிட்டதாங்க இருக்கு. இதெல்லாம் அதுல வெளஞ்சதுதான். மக படிப்ப முடிச்சிருச்சு. கல்யாணமும் ஆயிருச்சு." ஒரு கோவாவைத் தட்டிப் பார்த்து என் கையில் வைத்தாள். "எங்கள எங்க அனுப்பப் போறாங்கன்னுதான் இன்னும் சொல்ல மாட்டேங்கிறாங்க. அதுவரைக்கும் நட வேண்டியதுதான்."

கடையில் கேட்டுவிட்டு வந்த பேச்சின் கசப்பு வாயில் இருந்தது. நல்லதாக ஏதாவது நினைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பெரிய மனது செய்பவன்போலக் குரலை வைத்துக்கொண்டு, அன்றைக்கு நான் துரையிடம் இங்கிலீஷில் அப்படி வாதாடியிருக்காவிட்டால் இந்நேரம் அந்த மண்ணில் தேயிலை நின்றிருக்கும் என்று சொன்னேன்.

செவனம்மா தராசைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நீங்க பேசுனது இங்கிலீசுங்களா?"

"ஆமாம். பின்னே?"

"தொர கீழ எறங்கி வந்து, 'இந்த ஆள் என்ன சொல்லுறான்'னு எங்கிட்டதாங்கய்யா கேட்டாரு."